லைசன்ஸ் கேட்காத வண்டிக்கு என்ன சட்டம்? வெளிநாட்டுச் சைக்கிள் பயணமும் சாலை விதிகளும்

ஜூன் 6, காலை. குடியாத்தம் வாசகர் எழுதியது:

"செப்டம்பரில் நானும் என் மைத்துனரும் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, ரைன் நதிக்கரை வழியாக ஜெர்மனிக்குள் போய், ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிரான்சைத் தொட்டுவிட்டுத் திரும்புவதாக இருக்கிறோம். சொந்தச் சைக்கிளையே பெட்டியில் கட்டி எடுத்துப் போகிறோம். விசா, டிக்கெட், பஞ்சர் சாமான் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மைத்துனருக்குத்தான் சட்டத்தைப் பற்றிக் கவலை. தலையில் ஹெல்மெட், வண்டியில் லைட், வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்ற நினைப்பு, இந்த மூன்றும் இருந்தால் போதும் என்பது என் கட்சி. லைசன்ஸே கேட்காத வண்டிக்கு அதற்கு மேல் என்ன சட்டம் இருக்கப் போகிறது?"

ஜூன் 6, இரவு

உங்கள் மூன்றில் ஹெல்மெட்டைச் சட்டம் கேட்கவில்லை. லைட்டைக் கேட்கிறது, ஆனால் எந்த லைட்டாக இருந்தாலும் சரி என்று விடுவதில்லை. வலப்பக்கம் என்பது சரிதான். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் வயது வந்தவர் சாதாரணச் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் அணிந்தே தீர வேண்டும் என்ற விதி கிடையாது. போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் அங்கேயும் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். ஆம்ஸ்டர்டாம் தெருவில் ஹெல்மெட்டைப் பார்த்தவுடன் இவர் வெளியூர் ஆள் என்று தெரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் விட்டுவிட்ட நான்காவது ஒன்று இருக்கிறது, மற்ற மூன்றையும்விட அதுதான் முக்கியம். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், சைக்கிள் ஓட்டுபவரையும் 'ஓட்டுநர்' என்றே வரையறுக்கிறது. காருக்கு எந்தச் சிக்னலோ, எந்த முன்னுரிமையோ, எந்தத் தடையோ, அது சைக்கிளுக்குத் தனியாக விலக்கு சொல்லப்படாத வரை நமக்கும் உண்டு. நீங்கள் போகும் மூன்று நாடுகளும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 1980இல் இந்தியாவும் சேர்ந்தது. சேர்ந்திருந்தும், வேலூரில் சைக்கிள்காரனைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்றபடி, மோட்டார் உள்ளவற்றுக்குத்தான். புறவழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வரும் சைக்கிளை நம் ஊரில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தால்தான் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார். இந்தப் பழக்கத்தோடு ஜெர்மனியின் கொலோன் நகரில் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதே உங்கள் மைத்துனரின் கவலையாக இருக்க வேண்டும், நியாயமான கவலை.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60 யூரோ அபராதம், கூடவே ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு குற்றப் புள்ளி. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ.

ஜூன் 7

லைட் விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் நம் ஊரில் இப்போது எல்லோரும் வாங்குவது யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் மினுக்கு விளக்குகளைத்தான். ஜெர்மனியில் சைக்கிளில் பொருத்திய விளக்கு மினுக்கக் கூடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் நிலையாக எரிய வேண்டும். நெதர்லாந்திலும் மினுக்கு விளக்கு கூடாது, ஆனால் அங்கே விளக்கை உடையிலோ பையிலோ மாட்டிக்கொள்ளலாம். வண்டியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரைன் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், விளக்கு வைக்கும் நேரத்தில், என்னோடு வந்த காட்பாடி நண்பரை ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. பின்பக்கம் குனிந்து, மினுக்கிக்கொண்டிருந்த விளக்கின் பொத்தானைத் தானே அழுத்தி அழுத்தி, அது நிலையாக எரியும் நிலைக்கு வந்ததும் தலையை ஆட்டினார். பிறகு தன் கைவிளக்கை அதன் கண்ணாடி மேல் அடித்து எதையோ தேடினார். அவர் தேடியது ஒரு சின்ன முத்திரை: பொடி எழுத்தில் ஓர் அலைக்கோடு, அதையொட்டி 'கே' என்ற எழுத்து, பிறகு சில எண்கள். ஜெர்மன் சாலையில் பயன்படுத்த ஒப்புதல் பெற்ற விளக்குக்கு அதுதான் அடையாளம். நண்பருடைய விளக்கில் அது இல்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார். விளக்கில்லாமல் பிடிபட்டால் அபராதம் 20 யூரோ.

பகலில் கழற்றி வைக்கும் வகை விளக்கை, 2017 முதல், பகலில் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டும்போதும் மழை மூடும்போதும் வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். 2013 வரை அங்கே 11 கிலோவுக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு டைனமோ கட்டாயமாக இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பேட்டரி விளக்கை அதன் பிறகுதான் எல்லோருக்கும் அனுமதித்தார்கள்.

விளக்கோடு பிரதிபலிப்பான்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு பெடலிலும் ஆரஞ்சு, சக்கரக் கம்பிகளில் ஆரஞ்சு. அல்லது டயரின் பக்கவாட்டில் ஒளி பட்டால் மின்னும் வெள்ளை வளையம். பந்தயச் சைக்கிளில் கிளிப் பெடல் போட்டிருப்பவர்கள் பெடல் ஆரஞ்சை எங்கே ஒட்டுவது என்று திண்டாடுவார்கள்.

ஜூன் 7, பின்னிரவு

பெல். மறந்தே போனேன். ஜெர்மனியில் கட்டாயம். வியன்னா ஒப்பந்தத்தின் 44ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், நாடு விட்டு நாடு போகும் சைக்கிளில் பெல் இருக்க வேண்டும், அதைத் தவிர வேறு எந்த ஒலிக் கருவியும் இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே பால்காரர் வைத்திருக்கும் அந்த ரப்பர் குமிழ் ஹாரனை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அதே பிரிவில் சொல்லியிருப்பது மிகவும் கொஞ்சம்: நன்றாகப் பிடிக்கும் பிரேக், பெல், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்பின் விளக்கு. வெளிநாட்டு வண்டிக்கு இதுவே போதும், உள்நாட்டு முத்திரை எதற்கு என்று வழக்காட இடமிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சாலையோரத்தில் நின்றுகொண்டு ஒரு போலீஸ்காரரிடம் சர்வதேசச் சட்டம் பேசும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. முத்திரை உள்ள விளக்கை அங்கேயே கடையில் வாங்கிவிடுவது சுலபம்.

ஜூன் 9

ஆம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "தோல் வியாபாரமாக ஐரோப்பா போய் வருகிறவன் நான். ஹெல்மெட் எல்லா நாட்டிலும் கட்டாயம்தான், ஸ்பெயினில் பிடித்தார்கள்."

ஸ்பெயினில் பிடித்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அங்கே ஊருக்கு வெளியே சாலையில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், ஊருக்குள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதையும் அளக்கக் கூடாது. பிரான்சில் 2017 மார்ச் முதல் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டாயம். பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கும் சேர்த்து. போடவில்லை என்றால் 135 யூரோ, கூட்டி வந்த பெரியவரிடம் வசூலிப்பார்கள். ஆஸ்திரியாவிலும் 12 வயது வரை. எல்லோருக்கும், எங்கும் என்று முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990இல், நியூசிலாந்து 1994இல். மெல்போர்னில் மகனைப் பார்க்கப் போகும் ஆரணி, போளூர்ப் பெற்றோர் காலையில் காற்று வாங்க மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெறுந்தலையோடு கிளம்பிவிடக் கூடாது.

ஜூன் 10

நேற்று நாடு நாடாக ஹெல்மெட் கணக்கு எழுதியபின் ஒன்று தோன்றியது. இந்தக் கேள்வி பதிலுக்கு வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே பொருள்களைப் பற்றியவை: எதை மாட்டுவது, எதை வாங்குவது. அதெல்லாம் கடையில் தீர்ந்துவிடும். எங்கே ஓட்ட வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை வாங்க முடியாது, அடிபடுவது அங்கேதான்.

முதலில், எங்கே. நீலநிற வட்டப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் வரைந்திருந்தால் பக்கத்துச் சைக்கிள் பாதையில்தான் போக வேண்டும். பெரிய சாலை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அதில் ஏறக் கூடாது. மூன்று நாடுகளிலும் இது பொது. பிரான்சில் அதே படம் நீலச் சதுரத்தில் இருந்தால் அந்தப் பாதை உங்கள் விருப்பம். நெதர்லாந்தில் விருப்பப் பாதைக்குச் சின்ன நீள்சதுரப் பலகை, படம் இருக்காது, எழுத்து மட்டும் இருக்கும். ஜெர்மனியில் 1998 முதல், பலகை இல்லாத பாதையில் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலகை இருந்தால் உண்டு. வட்டமா சதுரமா என்று பார்க்கும் பழக்கம் வர ஒரு நாள் ஓட்டம் போதும்.

சாலையின் இடப்பக்கத்தில் இருக்கும் சைக்கிள் பாதையில், பலகை அனுமதித்தாலொழிய, எதிராகப் போகக் கூடாது. நம்மவர்கள் மாட்டுவது இங்கே. 'அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு கிலோமீட்டர் சுற்று, இப்படியே ஓரமாகப் போய்விடலாம்' என்கிற அந்தச் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுப் புத்தி, ரத்தத்தில் ஊறியது. அங்கே பக்கத்துச் சந்திலிருந்து வரும் காரோட்டி சைக்கிள் எந்தத் திசையில் வர வேண்டுமோ அந்தத் திசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நீங்கள் மறுபக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த விதியை அபராதத்துக்காக மட்டும் எழுதவில்லை என்பது அந்தச் சந்தில் ஒரு முறை நின்று பார்த்தால் விளங்கும்.

மாறாக, ஒருவழிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தாராளம். நுழையக் கூடாது என்ற பலகையின் கீழே சைக்கிள் படத்தோடு ஒரு துண்டுப் பலகை தொங்கினால் நீங்கள் எதிர்த் திசையில் சட்டப்படியே போகலாம். சட்டப்படி எதிர்த் திசையில் போவது என்பது எனக்குப் புது அனுபவமாக இருந்தது. கொஞ்சம் ருசி குறைந்துதான் இருந்தது.

ஜூன் 10, இரவு

அடுத்தது, யாருக்கு வழி. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. மூன்று நாடுகளிலும் அப்படியே. வலப்பக்கத்துச் சின்னத் தெருவிலிருந்து ஒரு பாட்டி சைக்கிளில் வந்தால், நேர்ச் சாலையில் வரும் கார் நிற்கும். நீங்களும் நிற்க வேண்டும். நெதர்லாந்தில் 2001 மே மாதம் வரை இந்த உரிமை மோட்டார் வண்டிக்கு எதிராகச் சைக்கிளுக்கு இல்லை. அதன் பிறகே வந்தது. அங்கே டிராம் மட்டும் விதிவிலக்கு, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நாம் ஒதுங்க வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது சக்கரத்தை நேராக விடாமல் குறுக்காக வெட்டிக் கடக்கவும், இல்லாவிட்டால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும்.

நம் ஊரில் சந்திப்பு விதி ஒன்றே ஒன்று: பெரிய வண்டிக்கு முதல் வழி. பழைய பஸ் நிலையத்தருகில் ஓட்டிப் பழகியவருக்கு அந்த விதி உடம்பிலேயே இருக்கிறது. ஆகவே நெதர்லாந்தில் எனக்கு முதலில் நேர்ந்த சங்கடம், உரிமை எனக்கு இருந்த இடங்களிலும் நான் நின்றுகொண்டே இருந்ததுதான். கார் நிற்கிறது, நானும் நிற்கிறேன், அவர் கையைக் காட்டுகிறார், நானும் கையைக் காட்டுகிறேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போய்விட்டார்கள்.

தரையைப் பாருங்கள். நெதர்லாந்தில் சாலையின் குறுக்கே வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருக்கும், அவர்கள் அதைச் சுறாப் பற்கள் என்பார்கள். முக்கோணத்தின் கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். அடிப்பக்கம் உங்களை நோக்கி இருந்தால் எதிரில் வருகிறவர் வழிவிடுவார். பலகையைத் தேடிக்கொண்டிருப்பதைவிட இது எளிது, மழையிலும் தெரியும்.

ரவுண்டானாவில் வலப்பக்க நாடுகளில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், நம் கிரீன் சர்க்கிளுக்கு நேர் எதிர். நெதர்லாந்தில் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும் ரவுண்டானாவில் சைக்கிளுக்கு முன்னுரிமை, ஊருக்கு வெளியே காருக்கு முன்னுரிமை. அங்கேயும் பற்கள் சொல்லிவிடும்.

ஜூன் 12

குடியாத்தம் நண்பர் மீண்டும்: "சட்டம் முழுக்க நம்மைப் பிடிப்பதற்குத்தானா? நமக்கு நன்மை ஒன்றும் இல்லையா?"

நிறைய இருக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளைத் தாண்டும் கார் ஊருக்குள் குறைந்தது 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். பள்ளிகொண்டா பக்கம் லாரி தாண்டும்போது தோளில் காற்று அறைவதை அறிந்தவர்களுக்கு 2 மீட்டர் என்பது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு லாரி பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து வந்தபோது எனக்குத்தான் பதற்றமாக இருந்தது, இறங்கி வழிவிடலாமா என்று.

அடிபட்டால் இழப்பீடு யாருடையது என்பதிலும் சட்டம் சைக்கிள்காரன் பக்கம் சாய்கிறது. நெதர்லாந்தில் மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால், தவிர்க்கவே முடியாத காரணம் என்று ஓட்டுநர் நிரூபித்தாலொழிய, பொறுப்பு அவருடையது. சைக்கிள்காரரிடமும் பிழை இருந்தால்கூட, அவர் 14 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருந்தால், வேண்டுமென்றோ அதற்கு ஈடான அசட்டுத் துணிச்சலோடோ செய்தாலன்றி, குறைந்தது பாதி நஷ்டத்தை மோட்டார் தரப்பு ஏற்க வேண்டும். 14க்குக் குறைந்த பிள்ளை என்றால் முழுவதும். பிரான்சில் 1985 ஜூலையில் வந்த சட்டமும் ஏறக்குறைய இந்த வழியிலேயே போகிறது. சைக்கிளில் வந்து அடிபட்டவர் மன்னிக்க முடியாத அளவு பிழை செய்தாலன்றி உடற்காயத்துக்கு இழப்பீடு உண்டு.

ஆனால் நீங்கள் யாரையாவது இடித்தால்? ஜெர்மனியில் விபத்து நடந்த இடத்தை விட்டுப் போவது குற்றம், சைக்கிளுக்கும் சேர்த்து. நிறுத்தி வைத்த காரில் உங்கள் பெடல் கீறிவிட்டது என்றால், ஆள் இல்லை என்று போய்விட முடியாது. ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கண்ணாடியில் செருகுவதும் போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும், யாரும் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊர் லாங் பஜாரில் ஒருவர் காலில் சக்கரம் ஏறினாலும் "பார்த்துப் போங்க சார்" என்பதோடு முடிகிற விவகாரம் இது. ஆகவே பயண இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டது என்றால், மருத்துவச் செலவு மட்டுமா, பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கும் பொறுப்பேற்கிறதா, சைக்கிள் பயணத்தைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவைத்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

ஜூன் 13

பிரான்சுக்காகச் சில. இரவிலோ வெளிச்சம் குறைவாக இருக்கும்போதோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளி மின்னும் மேல்சட்டை அணிய வேண்டும். 2008 முதல் சட்டம். இத்தாலியிலும் உண்டு, அங்கே சுரங்கப்பாதைக்குள் பகலிலும் வேண்டும். ரோடு போடும் தொழிலாளர்கள் அணியும் பச்சைச் சட்டையை மண்டித் தெருவில் வாங்கிக்கொண்டு போகலாமா என்று மைத்துனர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால்தான் செல்லும். சாயம் போன சட்டைக்குப் பாதுகாப்பும் கிடையாது.

காதில் எதையும் மாட்டக் கூடாது, 2015 ஜூலை முதல், ஒரு காதில்கூட. 135 யூரோ.

சிக்னல் கம்பத்தில் விளக்குக்குக் கீழே சின்ன முக்கோணப் பலகையில் மஞ்சள் சைக்கிளும் அம்பும் இருந்தால், சிவப்பு எரிந்தாலும், பாதசாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் வழிவிட்டு அம்பு காட்டும் திசையில் போகலாம். பலகை இல்லாத கம்பத்தில் அப்படிச் செய்யக் கூடாது. பக்கத்தில் ஓர் உள்ளூர்க்காரர் போகிறார் என்பது சாட்சி ஆகாது.

ஜூன் 14

திராட்சை ரசம். ரைன் கரை முழுக்கத் திராட்சைத் தோட்டம், செப்டம்பர் அறுவடை, ஊருக்கு ஊர் விழா. ஜெர்மனியில் சைக்கிள்காரருக்கு இரத்தத்தில் மது ஆயிரத்துக்கு 1.6 பங்கு அளவு வந்தால், தள்ளாடாமல் ஓட்டினாலும், குற்றவழக்கு. தள்ளாடினாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3 இலேயே. நெதர்லாந்திலும் பிரான்சிலும் காருக்குள்ள 0.5 வரம்பே சைக்கிளுக்கும். குடிப்பவர்கள் அன்று மாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும்.

ஜூன் 17

வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், தம் இளமையில் சைக்கிளுக்கு நகராட்சியில் வருஷா வருஷம் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்டியதையும், டைனமோ எரியாததற்கும் டபுள்ஸ் போனதற்கும் காவலர் பிடித்து நிறுத்தியதையும் எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறைக்கு நான் மேலே சொன்ன எதுவும் புதிதாக இருக்காது. ஸ்விட்சர்லாந்தில் இதே போன்ற ஓர் ஆண்டு ஒட்டுச்சீட்டு, மூன்றாம் நபர் காப்பீட்டோடு சேர்ந்து, 2011 இறுதி வரை சைக்கிளுக்கு இருந்தது. ஜப்பானில் இன்றும் சைக்கிளைத் திருட்டுத் தடுப்புப் பதிவேட்டில் பதிந்து எண் ஒட்ட வேண்டும். இரவில் நிறுத்தி அந்த எண்ணைச் சரிபார்ப்பது அங்கே சாதாரணம்.

டபுள்ஸைப் பொறுத்தவரை நெதர்லாந்துதான் நம் ஊர்: பெரியவர் கேரியரில் உட்கார்ந்து போகலாம், பக்கவாட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிற கல்லூரிப் பெண்களைப் பார்க்கலாம். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் தனி இருக்கை வேண்டும். ஜெர்மனியில் அதற்கென்று செய்த வண்டி இல்லாமல் பெரியவரை ஏற்றக் கூடாது.

ஜூன் 18

ஜப்பான் என்றதும், அங்கே வேலைக்குப் போகும் பொறியியல் பிள்ளைகளின் பெற்றோர் இருவர் கேட்டிருக்கிறார்கள். நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். இப்போது அங்கே சைக்கிள் சட்டம் மிகவும் இறுகியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்பது விதி, அபராதம் இல்லை. 2024 நவம்பரில் போன் பார்த்துக்கொண்டு ஓட்டுவதற்கும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் தண்டனையைக் கூட்டினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அங்கேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறை: போனுக்கு 12,000 யென், சிவப்பு விளக்குக்கு 6,000 யென். மழையில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் தடை. நம் பிள்ளைகள் குடை பிடிப்பதில்லை, நனைந்துகொண்டே போவார்கள். போன்தான் அவர்களுக்கு ஆபத்து.

சிங்கப்பூர்: சாலையில் ஹெல்மெட் கட்டாயம். 2022 முதல் குழுவாகப் போனால் ஒற்றை வரிசையில் அதிகபட்சம் 5 பேர், இருவர் இருவராகப் போனால் 5 வரிசை. எக்ஸ்பிரஸ்வேயில் ஏறவே கூடாது. நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அமிர்தி வரை முப்பது நாற்பது பேர் சாலையை அடைத்துக்கொண்டு போகும் நம் குழுக்களை அங்கே விட்டால் முதல் சிக்னலிலேயே நாலைந்து துண்டாக்கிவிடுவார்கள்.

ஜூன் 21

வலப்பக்கம் ஓட்டுவதைப் பற்றி முதல் நாள் 'சரிதான்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். இப்போது யோசித்தால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நெரிசலில் தவறுவதே இல்லை, எல்லோரும் ஒரு பக்கம் போகிறார்கள், நாமும் போகிறோம். கவனம் வேண்டிய நேரம், ஆளில்லாத காலையில், ரொட்டிக் கடையில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது. காலி ரோட்டில் கை தானாகவே இடப்பக்கம் திருப்புகிறது. இடப்பக்கம் திரும்பிய பிறகும் அதேதான். நானும் காட்பாடி நண்பரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: நிறுத்திக் கிளம்பும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் உரக்க "வலது" என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் கிராமத்தில் அதிகாலை ஆறு மணிக்கு இரண்டு பேர் தமிழில் கத்திக்கொண்டு போனதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கைப்பிடிக் கண்ணாடியை வலப்புறத்திலிருந்து கழற்றி இடப்புறம் மாட்டுங்கள், கார் அந்தப் பக்கம்தான் தாண்டும். திரும்பும்போது கையை நீட்டிக் காட்டுவது சட்டப்படி வேண்டும், அந்தக் கையைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் முடிவெடுக்கிறார்.

வாடகைச் சைக்கிள் எடுத்தால் பிரேக்கைச் சோதிக்காமல் ஏறாதீர்கள். என் வண்டியில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. ஐரோப்பியக் கண்டத்து வண்டிகளில் பொதுவாக இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. அவசரத்தில் பழகிய கையை அழுத்தினால் எதிர்பாராத சக்கரம் பிடிக்கும். நெதர்லாந்து வாடகை வண்டிகள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பின்சக்கரம் நிற்கும். சிக்னலில் நின்றபடி, கிளம்புவதற்குத் தோதாகப் பெடலைக் கால்நுனியால் பின்னுக்குச் சுழற்றி மேலே கொண்டுவர முயன்றேன். அது அசையவே இல்லை, பச்சை விழுந்துவிட்டது.

ஜூன் 25

குடியாத்தம் நண்பரின் கடைசிக் கேள்வி: மைத்துனருக்கு முழங்கால் வலியாம், சொந்த வண்டியை விட்டுவிட்டு அங்கேயே மின்சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் சட்டம் மாறுமா என்று.

வகையைப் பொறுத்தது. மிதித்தால் மட்டும் உதவும், 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடும் வண்டி, மூன்று நாடுகளிலும் சைக்கிள்தான். லைசன்ஸும் வேண்டாம், ஹெல்மெட்டும் கட்டாயமில்லை, மேலே சொன்ன விதிகள் அப்படியே. 45 கிலோமீட்டர் வரை உதவும் வண்டி அப்படி இல்லை. அதற்கு நம்பர் பிளேட், காப்பீடு, லைசன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும், சைக்கிள் பாதைகள் பலவற்றில் அதை விடவும் மாட்டார்கள். கடையில் 25 கிலோமீட்டர் வண்டி என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பின்னால் நம்பர் பிளேட் தொங்கினால் அதை எடுக்க வேண்டாம்.